நசுக்கினால் எரிக்கும் வண்டு

வேளாண்மை வெட்டு முடிந்த காலங்களில் வயலோர வீடுகளிலே சில பிள்ளைகள் கழுத்தில் சிவந்த கோட்டுடன் எழும்புவதுண்டு. பிரம்பால் அடித்தது போன்ற கோடு. தொட்டால் நெருப்பாக எரியும். பின்னர் சிறு கொப்புளங்கள் போடும். ஒருவர் அக்கி என்பார், இன்னொருவர் சிலந்தி மூத்திரம் என்பார். கண்ணூறு என்று தண்ணீர் ஓதிக் கேட்டு வருவோரும் உண்டு. ஓதுவதில் பறக்கத் இருக்கிறது. அதற்காகக் காரணத்தைத் தேடாமல் இருக்கலாமா?

காரணம் எறும்பு போன்ற ஒரு சிறு வண்டு. நீளம் 7 முதல் 10 மில்லிமீற்றர். தலையும் வால்நுனியும் கறுப்பு. கழுத்தும் வயிறும் செம்மஞ்சள். நைரோபி ஈ என்று பெயர் பெற்றிருந்தாலும் இது ஈயல்ல. கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. உடலில் ஊரும்போது நாம் அடித்து நசுக்கினால், அதன் உடற்திரவத்திலுள்ள பெடெரின் என்னும் நஞ்சு தோலில் படுகிறது. அந்த நஞ்சையும் வண்டு தானாக உண்டாக்குவதில்லை. பெண் வண்டினுள் குடியிருக்கும் ஒரு வகை பக்றீரியாவே உண்டாக்குகிறது. சுப்ஹானல்லாஹ்! எரிவு பெரும்பாலும் 24 முதல் 48 மணித்தியாலங்களின் பின்னரே தெரிவதால், இரவில் தட்டிய பூச்சி எவருக்கும் நினைவிருப்பதில்லை. முழங்கை மடிப்பில் பட்டாலோ, கையை மடக்கும்போது எதிர்ப்பக்கத்திலும் அதே புண் அச்சாக விழுந்துவிடும்.

1997 இன் இறுதியில் எல் நினோ மழைக்குப் பின் கென்யாவின் நைரோபியில் பலர் இதனால் அவதிப்பட்டனர். 2022 யூலையில் இந்தியாவின் சிக்கிமில் ஒரு பொறியியற் கல்லூரி மாணவர் 100 பேரளவில் பாதிக்கப்பட்டனர். நமது நாட்டிலும் புறநகர் வைத்தியசாலையொன்றில் இது பரவியதை வைத்தியர்கள் 1997 இல் சர்வதேசத் தோல்நோய்ச் சஞ்சிகையொன்றில் எழுதியுள்ளனர்.

விடுதிகளில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றாக வந்தால் தொற்றுநோய் என்று பயந்து ஒதுக்கிவைத்து விடுகிறார்கள். பாவம் அப்பிள்ளைகள்! இது ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை. ஒரே டியூப் லைட்டின் கீழ் படுத்தார்கள், அவ்வளவுதான். வெளிச்சம்தான் இவ்வண்டை வீட்டுக்குள் இழுக்கிறது. மஃரிபோடு வயற்பக்க யன்னல்களைச் சாத்துங்கள். படுக்கும்போது விளக்கை அணைத்து நுளம்பு வலை கட்டுங்கள். படுக்குமுன் விரிப்பைத் தட்டிவிடுவது நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த ஸுன்னத். நாம் எழுந்து போன பின் அதில் என்ன வந்து கிடக்கிறதென்று நமக்குத் தெரியாது என்பதையே அதற்குக் காரணமாகவும் சொன்னார்கள்.

மேலில் ஊர்ந்தால் அடிக்க வேண்டாம், ஊதிவிடுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். கண் வீங்கினால் தாமதியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். அதற்காக வயலுக்கு மருந்தடித்து இவ்வண்டை ஒழிக்கப் புறப்படுவதும் சரியல்ல. நெல்லை அழிக்கும் கபிலநிறத் தத்தியைத் தின்பது இதுதான்.

புண்ணில் தண்ணீர் படக்கூடாதென்று வைத்தியர் சொன்னால் தொழுகையை விட்டுவிட வேண்டியதில்லை. ஷாபிஈ மத்ஹபின்படி வுழூவில் நல்ல இடங்களைக் கழுவி, புண்ணுள்ள இடத்துக்காகத் தயம்மும் செய்துகொள்ளலாம்.