போட்டோ இருக்கு சார்!

முதலில் ஒரு கேள்வி. போனை ஓரமா வெச்சிட்டு யோசிங்க. கூகுள் கூடாது, பக்கத்து சீட் நண்பனும் கூடாது!

சரக்கு ஏற்றிய லாரியும் ஒரு சின்ன காரும் நேருக்கு நேர் மோதுகின்றன. மோதும் அந்த நொடியில் லாரி கார் மேல் செலுத்தும் விசை அதிகமா? கார் லாரி மேல் செலுத்தும் விசை அதிகமா? இல்லை, ரெண்டும் சமமா?

யோசிச்சாச்சா? பதிலை மனசுக்குள்ளேயே வெச்சிருங்க. கடைசியில் பார்க்கலாம்.

நான் இன்ஜினீயரிங் காலேஜில் ஃபிசிக்ஸ் நடத்துகிறவன். எங்கள் வகுப்பறைக்கு புரொஜெக்டர் வந்த புதுசில் எனக்கு ஏகப்பட்ட குஷி. ராத்திரி கண்விழித்து ஸ்லைடு தயார் பண்ணுவேன். திரையில் ராக்கெட் நெருப்பைக் கக்கிக்கொண்டு மேலே போகும். கீழே நியூட்டனின் மூன்றாம் விதி கலர் கலராக மின்னும். ''கிளாஸ் சூப்பர் சார்!'' என்று பசங்க சொன்னால், நம்ம காலர் தானாகவே தூக்கிக்கும்!

ஒருநாள் அந்த லாரி கேள்வியைச் சும்மா கேட்டுப் பார்த்தேன். முக்கால்வாசி வகுப்பு கோரஸாகச் சொன்னது, ''லாரிதான் சார்!''

ஒரு மாணவனை எழுப்பி, மூன்றாம் விதியைச் சொல்லச் சொன்னேன். வரி பிசகாமல் ஒப்பித்தான்.

''சரி, இப்ப சொல்லு. லாரியா, காரா?''

''லாரிதான் சார்!''

''நோட்ஸ் எழுதினியா?''

''எல்லா ஸ்லைடும் போட்டோ இருக்கு சார்!''

வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

மூன்று வருடம் கழித்து அதே பையன், கேம்பஸ் இன்டர்வியூ முடிந்து வராந்தாவில் தனியாக நின்றான். அவனுடைய புராஜெக்ட்டைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். லேப்டாப் வேண்டாம், இந்தப் பேப்பரில் வரைந்து விளக்குங்க என்று பேனாவை நீட்டியிருக்கிறார்கள். ''எல்லாம் பார்த்ததுதான் சார். ஆனா சொல்ல வரலை'' என்றான். இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு நான் எவ்வளவோ காட்டியிருந்தேன். ஒருமுறையாவது அவனைச் சொல்ல வைத்தேனா?

ஹார்வர்டிலும் இதே கதை!

இந்த இடத்தில் எரிக் மஸூரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஃபிசிக்ஸ் பேராசிரியர். அவர் வகுப்புக்கு மாணவர்களிடம் நல்ல பெயர். கஷ்டமான கணக்கெல்லாம் போடுவார்கள். 1990-களின் தொடக்கத்தில், நம்ம லாரி கேள்வி மாதிரியான எளிய கேள்விகளை அவர்களிடம் கொடுத்துப் பார்த்தார். பலர் தடுமாறிவிட்டார்கள். ஃபார்முலா தெரிகிறது, விஷயம் புரியவில்லை.

மஸூர் பாணியை மாற்றினார். கொஞ்ச நேரம் பாடம், பிறகு ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் தனியாக யோசித்து ஏ, பி, சி, டி என்று பதில் காட்ட வேண்டும். அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம், ''என் பதில் ஏன் சரி தெரியுமா?'' என்று வாதாட வேண்டும். முடிந்ததும் மறுபடியும் ஓட்டு. இரண்டாம் ஓட்டில் சரியான பதில்கள் எகிறும். நேற்று புரிந்துகொண்டவனுக்குத்தானே, புரியாதவன் எங்கே முட்டிக்கொள்கிறான் என்று தெரியும்?

ஓட்டுப் போட 'க்ளிக்கர்' என்ற ரிமோட் மாதிரி கருவிகள் வந்தன. கனடாவில் நதானியேல் லாஸ்ரி என்ற ஆசிரியர் ஒரு பிரிவுக்கு க்ளிக்கரும், இன்னொரு பிரிவுக்கு சாதாரண அட்டையும் கொடுத்துப் பாடம் நடத்தி, 2008-ல் முடிவை வெளியிட்டார். கற்றுக்கொண்டதில் பெரிய வித்தியாசமே இல்லை! வேலை செய்தது கருவி இல்லை பாஸ், கேள்வி!

நம்ம ஊர் அட்டை

அட்டை என்றதும் நம்ம ஊர் ஞாபகம் வரவில்லையா? 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளிக்கூட அனுபவத்திலிருந்து எடுத்த யோசனை. குழந்தைகள் தரையில் உட்கார்ந்து, அவரவர் அட்டையை எடுத்து, அவரவர் வேகத்தில் படித்தார்கள். பிறகு மற்ற அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. கரன்ட் தேவைப்படாத டெக்னாலஜி!

அதற்காகத் திரையே வேண்டாம் என்று நான் கொடி பிடிக்கவில்லை. 2018-ல் நம் பாடப்புத்தகங்களில் க்யூஆர் கோடு வந்தது. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2020-ல் பள்ளிகள் பூட்டிக்கிடந்தபோது, ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டுக்கும் பாடம் போய்ச் சேர அந்த டி.வி. உதவியது. பாடத்தை வீட்டு வாசல் வரை கொண்டுவர கருவியால் முடியும். உள்ளே எடுத்துக்கொள்வது நம்ம வேலை.

இப்போது நானும் வகுப்பில் அட்டைதான் வைத்திருக்கிறேன். பழைய காலண்டரின் பின்பக்கம் ஏ, பி, சி, டி. கேள்வி போட்டால் அறுபது கைகள் உயர்கின்றன. யாருக்குப் புரியவில்லை என்று பரீட்சை வரை நான் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே குறை, சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து வகுப்பு மேடம் புகார் சொல்கிறார்!

சாட்ஜிபிடி சார் வந்துட்டார்

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. அதன் பிறகு என் மேஜைக்கு வரும் அசைன்மென்ட்கள் பல ஒரே குரலில் பேசுகின்றன. இலக்கணம் பிரமாதம், எழுதியவர் மட்டும் மிஸ்ஸிங்! திட்டிப் பயனில்லை. என்னிடம் மூன்று வேண்டுகோள் இருக்கிறது.

ஒன்று, ஏ.ஐ.-யைத் திறப்பதற்கு முன் உங்கள் பதிலைப் பேப்பரில் எழுதிடுங்க, தப்பா இருந்தாலும் சரி. இரண்டு, ''பதில் சொல்லு'' என்று கேட்காமல், ''என்னைக் கேள்வி கேளு, நான் எங்கே தப்பு பண்றேன்னு சொல்லு'' என்று கேளுங்க. அதுவும் சில சமயம் தப்பை அடித்துச் சொல்லும், ஜாக்கிரதை! மூன்று, படித்ததைத் தெரியாத ஒருத்தருக்கு வாயால் சொல்லுங்க. எங்கே திக்குதோ, அங்கே திரும்பப் படிங்க.

சரி, லாரி கேள்விக்கு வருவோம். ரெண்டு விசையும் சமம்! அப்புறம் ஏன் கார் மட்டும் அப்பளமாகிறது? காரின் நிறை 1,000 கிலோ, லாரியுடையது 10,000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்க. அதே விசை, பத்தில் ஒரு பங்கு நிறை. அதனால் அதே நேரத்தில் காரின் வேகம் பத்து மடங்கு அதிகமாக மாறுகிறது. அடியைத் தாங்க காரின் உடம்பும் லாரி அளவுக்கு உறுதியானதில்லை.

இதைப் போட்டோ எடுத்து வெச்சுக்காதீங்க. இன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது, வீட்டில் அம்மாகிட்டயோ தங்கச்சிகிட்டயோ லாரி கேள்வியைக் கேளுங்க. ''லாரிதான்'' என்று சொல்வாங்க. ஏன் இல்லைன்னு, போனைத் தொடாம விளக்கிப் பாருங்க.

சொல்ல வந்துச்சா?