சில்லும் பாதையும் – 9: பஸ் நிற்கும் இடத்துக்கு அப்பால்

வேலைக்கு எதில் போகிறீர்கள்? அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டுப் பணியகம் 1960இலிருந்து கேட்டுவரும் கேள்வி இது. 2019இல் பஸ், ரயில் என்று பதில் சொன்னவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான். நியூயோர்க் நகரத்தில் மட்டும் அது பாதிக்கு மேல். கொரோனாவில் பலர் வீட்டிலிருந்தே வேலை பார்க்க, 2021இல் அந்த ஐந்தும் இரண்டரையாகச் சுருங்கியது.

இதே கேள்வியோடு இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவையிலோ டயகமவிலோ தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்துக்குப் போனால், கொழுந்து பறிப்பவர்கள் பஸ், ரயில் என்ற கட்டத்துக்குள் வரமாட்டார்கள். அவர்கள் நடந்து போகிறவர்கள். தோட்டம் என்ற ஏற்பாடே அதற்குத்தான். ஆளை மலையிலேயே குடிவைத்து, விடியலில் தப்படித்து எழுப்பி, பிரட்டுக்களத்தில் நிறுத்திவிட்டால் வேலைக்குப் போக வண்டி எதற்கு?

வண்டி தேவைப்பட்டது சரக்குக்கு. 1867இல் கண்டிக்கு வந்த ரயில், கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்தில் சேர்ப்பதற்காகப் போட்டது. 1884இல் அது ஹட்டனை எட்டியபோது கோப்பி நோயில் அழிந்து தேயிலை ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு நானுஓயா. பதுளைக்குப் போய்ச் சேர 1924 ஆகிவிட்டது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைவரை இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் ஒரு குட்டி ரயிலும் ஓடியது. லொறி வந்ததும் 1940களில் அதன் கதை முடிந்தது. தேயிலைப் பெட்டிக்கு மாற்று வழி கிடைத்துவிட்டது, ரயிலின் தேவை தீர்ந்தது. இன்றும் நானுஓயாவில் இறங்குகிறவர் நுவரெலியாவுக்கு பஸ்ஸையோ த்ரீவீலையோதான் தேட வேண்டும்.

1958 ஜனவரி முதலாம் திகதி பஸ்கள் அரசுடைமையாகி இலங்கை போக்குவரத்துச் சபை பிறந்தது. 1979இலிருந்து தனியார் பஸ்களும் வந்தன. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா என்று பெரிய ரோடுகளில் இரண்டும் முந்தியடித்து ஓடுகின்றன. சிக்கல் அங்கே இல்லை. பெரிய ரோட்டிலிருந்து லயத்துக்குப் போகும் அந்தச் சில மைல்களில் இருக்கிறது.

தோட்ட ரோடு யாருடையது? நிலம் அரசினுடையது, 1992இலிருந்து நிர்வாகம் கம்பனிகளினுடையது. கம்பனிக்குக் கொழுந்து லொறி ஏறி இறங்கினால் போதும். பிரதேச சபைக்காவது அக்கறை இருந்திருக்கலாம். ஆனால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் பணம் தோட்டத்துக்குள் போவதற்குத் தடை என்றே பொருள்கொள்ளப்பட்டது. முப்பது வருடம்! தோட்டத்து ஆள் வாக்குப் போட்டார், சபைக்கு உறுப்பினரை அனுப்பினார். அவருடைய ரோட்டில் ஒரு குழியை மூடச் சபை தயங்கியது. 2018இன் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம்தான் இந்த முடிச்சை அவிழ்த்தது.

அதற்குள் மலையகம் மாறிவிட்டது. தோட்டத்தில் பேர் பதியாத தலைமுறை லயத்தில் இருந்துகொண்டே ஹட்டன் கடைகளுக்கும் பாடசாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வேலைக்குப் போகிறது. தினமும் வேலைக்குப் பயணம் போவது மலையகத்தில் பழைய வழக்கமல்ல, இவர்கள் தொடங்கியது. பஸ் ரோட்டுக்கு வருவதற்கே முதலில் இறக்கத்தில் நடை. மாலையில், மழையில், அதே நடை ஏற்றத்தில். த்ரீவீல் பிடித்தால் சம்பளத்தில் துண்டு விழும்.

பஸ்ஸில் போனாலே எவ்வளவு துண்டு விழும் என்பதை 2022 காட்டியது. எரிபொருள் தட்டுப்பாட்டின் உச்சத்தில், ஜூலையில், குறைந்தபட்ச பஸ் கட்டணம் 40 ரூபாயானது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் அப்போது 1,000 ரூபாய். போக 40, வர 40. நடுவில் ஒரு பஸ் மாறினால் 160. வீட்டில் இரண்டு பிள்ளைகள் அப்படி பஸ் மாறி டவுனுக்குப் போய்வந்தால் தாய் பறித்த கொழுந்தில் மூன்றிலொரு பங்கு பஸ்ஸிலேயே கரைந்துவிடும்.

போக்குவரத்து நிபுணர்கள் பயணிகளை இரண்டாகப் பிரிப்பார்கள்: விரும்பி ஏறுகிறவர், வேறு வழியில்லாமல் ஏறுகிறவர். நியூயோர்க்கில் கார் வைத்திருப்பவரும் சுரங்க ரயிலில் ஏறுகிறார், அது அவருக்கு வசதி. மலையகத்து பஸ் மிதிபலகையில் தொங்குகிறவருக்கு அப்படித் தெரிவு எதுவும் இல்லை. ஆகவே எத்தனை வீதம் பேர் பஸ்ஸில் போகிறார்கள் என்ற கணக்கை இங்கே பெருமையாகச் சொல்வதில் அர்த்தமில்லை. கூட்டம் நிறைந்த பஸ் நல்ல சேவைக்குச் சாட்சியாகாது.

இலாபமில்லாத கிராமத்துப் பாதைகளுக்கு மானியம் கொடுத்து பஸ் ஓட்டும் 'கெமி செரிய' திட்டம் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம் ஏற்கெனவே இருக்கிறது. மாணவருக்கு 'சிசு செரிய' இருக்கிறது. தோட்ட ரோடுகள் பஸ் ஏறும் நிலைக்கு வந்தால் இவற்றைக் கேட்டு வாங்கலாம். நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகளுக்கு 2025 மே மாதத் தேர்தலில் தெரிவான உறுப்பினர்கள் இனிச் சட்டத்தைக் காரணம் காட்ட முடியாது. தங்கள் வட்டாரத்தில் பஸ் போக முடியாத தோட்ட ரோடுகள் எவை என்று ஒரு பட்டியலையாவது அவர்கள் சபையில் வைக்கட்டும்.