குழந்தையின் முகம் சொல்லும் செய்தி



ஒரு வீட்டில் குழந்தை பிறந்தவுடன் எல்லாரும் முதலில் பார்ப்பது அதன் முகத்தைத்தான். அந்த முகத்தில் உதடு பிளந்திருந்தால், தாடை உள்வாங்கியிருந்தால், வீடு மௌனமாகிவிடுகிறது. "கிரகணத்தன்று வெளியே போனாளா?" என்று ஒருவர் கேட்கிறார். "யார் செய்த பாவமோ?" என்று இன்னொருவர் முணுமுணுக்கிறார். வேதம் வாசிக்கிற வீடுகளிலும் இக்கேள்விகள் எழும்புவதை நாம் அறிவோம்.

மாயாபந்தரிலிருந்து சென்னைக்கு வந்து குடியேறியிருக்கும் உங்களுக்கு இது தூரத்துச் செய்தியல்ல. தீவில் பேரப்பிள்ளை பிறந்தால், நல்ல செய்தியானாலும் கலக்கமான செய்தியானாலும், முதல் தொலைபேசி உங்களுக்கே வருகிறது. அப்பொழுது நீங்கள் என்ன பதில் சொல்லப்போகிறீர்கள்?

யோவான் சுவிசேஷம் 9-ஆம் அதிகாரத்தில் சீஷர்கள் பிறவிக்குருடனைக் குறித்து இதே கேள்வியைக் கேட்டார்கள். குற்றவாளியைத் தேடும் அந்தக் கேள்வியை ஆண்டவர் ஏற்கவில்லை; அந்த மனிதனுக்குச் செய்யவேண்டியதைச் செய்தார். நாமும் கேட்கவேண்டியது ஒன்றே: இந்தக் குழந்தைக்கு இப்பொழுது என்ன செய்யவேண்டும்?

முகம் ஓர் எச்சரிப்பு

உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் உலகில் ஏறக்குறைய 700 குழந்தைகளில் ஒன்றுக்குக் காணப்படுகின்றன. பெரும்பாலான குழந்தைகளுக்கு வேறு குறை எதுவும் இராது. அறுவை சிகிச்சையால் நன்றாகச் சீர்ப்படும். ஆனால் சில குழந்தைகளின் முக மாற்றம், உள்ளே மறைந்திருக்கும் வேறொன்றை அறிவிக்கிறது. அண்ணப் பிளவும் சிறிய தாடையும் சேர்ந்திருந்தால், அது ஸ்டிக்லர் என்னும் மரபணுக் கோளாறாக இருக்கலாம். அப்பிள்ளைக்கு விழித்திரை விலகிப் பார்வை போகும் ஆபத்துண்டு. 22-ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமற்போனால், அண்ணக் கோளாறோடு இருதயக் குறையும் கால்சியக் குறைவும் வரக்கூடும். மண்டையோட்டின் எலும்பு இணைப்புகள் காலத்திற்கு முன்னே மூடிக்கொண்டால், மூளை வளர இடமின்றி அழுத்தம் ஏறக்கூடும். ஆகவே முகத்தைச் சரியாக வாசிப்பது அழகைப் பற்றிய காரியமல்ல. கண்ணையும் இருதயத்தையும் மூளையையும் காக்கும் காரியம்.

முப்பரிமாணக் கேமரா செய்வது என்ன?

குழந்தையைச் சுற்றி வைக்கப்பட்ட பல கேமராக்கள் ஒரே நொடியில் படமெடுக்கின்றன. கண் இமைப்பதற்குள் வேலை முடிந்துவிடுவதால், அழுது அசையும் குழந்தையையும் படமெடுக்கலாம். சி.டி. ஸ்கேனைப்போல் கதிர்வீச்சு இல்லை. கணினி அப்படங்களை இணைத்து, ஆயிரக்கணக்கான புள்ளிகளால் முகத்தின் மேடுபள்ளங்களை அப்படியே உருவாக்குகிறது. பின்பு அதே வயதுள்ள குழந்தைகளின் சராசரி முகத்தோடு ஒப்பிட்டு, எங்கே எவ்வளவு வேறுபாடு என்று நிறங்களால் காட்டுகிறது. லண்டனைச் சேர்ந்த பேராசிரியர் பீட்டர் ஹேமண்ட் இம்முறையை வளர்த்து, 2007-ல் யார்க் நகரில் நடந்த அறிவியல் விழாவில் விளக்கினார்.

கேமரா தீர்ப்புச் சொல்லுவதில்லை. எந்தப் பரிசோதனையை முதலில் செய்யவேண்டும் என்று மருத்துவருக்கு வழிகாட்டுகிறது. மரபணுக் கோளாறை உறுதிசெய்வது மரபணுப் பரிசோதனையே.

யாருடைய முகத்தோடு ஒப்பிடுவது?

இங்கே ஒரு முக்கியமான காரியம் உண்டு. சாதாரணப் புகைப்படத்தைக் கொண்டு முகத்தை வாசிக்கும் ஒரு மென்பொருளை 2017-ல் வெளியான ஓர் ஆய்வில் சோதித்தார்கள். டவுன் நோய்க்குறியுள்ள பெல்ஜியக் குழந்தைகளில் 80 சதவீதத்தினரை அது அடையாளங்கண்டது. காங்கோ தேசத்துக் குழந்தைகளிலோ சுமார் 37 சதவீதத்தினரை மட்டுமே கண்டது. ஆப்பிரிக்க முகங்களைக் கற்றுக்கொடுத்த பின்பு அது ஏறக்குறைய 95 சதவீதமாக உயர்ந்தது. கற்பிக்கப்படாத முகத்தை இயந்திரமும் அறியாது.

மாயாபந்தரை நினைத்துப்பாருங்கள். தமிழரும் வங்காளிகளும் ராஞ்சி மக்களும், 1925-ல் பர்மாவிலிருந்து வந்து வெபி கிராமத்தில் குடியேறிய கரேன் மக்களும் வாழும் இடம் அது. இத்தனை ஜாதியாரின் முகங்களையும் தேவனே உருவாக்கினார். எனவே குழந்தையின் முகத்தோடு தாய் தகப்பனின் முகத்தையும் பார்க்கும் அனுபவமுள்ள மருத்துவர் இன்றும் அவசியம்.

நீங்கள் செய்யக்கூடியவை

குழந்தை மூச்சுத் திணறினால் ஒரு மணி நேரமும் தாமதிக்கவேண்டாம். மாயாபந்தர் டாக்டர் ராஜேந்திர பிரசாத் மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோகச் சொல்லுங்கள். அண்ணம் பிளந்த குழந்தையால் உறிஞ்ச இயலாது. மருத்துவரிடம் கேட்டு, தலையை உயர்த்திப் பிடித்து, பாலாடையால் சிறிது சிறிதாகப் பாலூட்டச் சொல்லுங்கள்.

பிறவிக் குறைகளைக் கண்டறிய 2013-ல் தொடங்கப்பட்ட தேசிய பாலர் நலத்திட்டத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஜி.பி. பந்த் மருத்துவமனை சாலை வழியாக ஏறக்குறைய 240 கிலோமீட்டர் தூரத்தில் உள்ளது. அதற்கு மேலும் சிகிச்சை தேவையென்றால் சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவமனையில் முகச் சீரமைப்புப் பிரிவும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மரபணு மருத்துவப் பிரிவும் உண்டு. உதட்டுக்கு 3 முதல் 6 மாதத்திலும், அண்ணத்திற்கு 9 முதல் 18 மாதத்திலும் பெரும்பாலும் அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. காலம் தப்பினால் பேச்சு பாதிக்கப்படும். அக்குடும்பம் சென்னைக்கு வரும்போது தங்க இடமும் மருத்துவமனைக்குத் துணையும் கொடுப்பது, நகரத்தில் வாழும் உங்களுக்குக் கர்த்தர் தந்திருக்கும் ஊழியமல்லவா?

இன்னொரு அன்பான வேண்டுகோள். ஜெபக்குறிப்பு என்று சொல்லி அக்குழந்தையின் படத்தை வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பாதிருங்கள். மருத்துவருக்குப் படம் தேவை; ஜெபத்திற்குப் பெயரே போதும். நாளைக்கு அந்தப் பிள்ளை வளர்ந்து, சபை நடுவே தலைநிமிர்ந்து நிற்கவேண்டும்.

சுகத்திற்காக உபவாசித்து ஜெபியுங்கள். அதே நாளில் பயணச்சீட்டையும் எடுங்கள். மருத்துவரிடம் போவது அவிசுவாசமல்ல. லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்றழைத்த அப்போஸ்தலனே அதற்குச் சாட்சி.