ரோஜாவின் அண்டை அயல்

நர்சரியில் பூவைப் பார்த்து மயங்கி வாங்கிவந்த ரோஜாச் செடி ஓராண்டில் தன் குறையைக் காட்டிவிடும். இலையும் மொட்டும் மேலே. கீழே முழங்கால் உயரத்துக்கு வெறும் முள்ளுக்குச்சிகள். இங்கிலாந்துத் தோட்டங்களில் ரோஜாவின் அடியில் லாவெண்டர் நடுவதற்கு ஒரு காரணம், இந்த மொட்டைக் காலை மறைப்பது. ரோஜாவைத் தனிப் பாத்தியில் வரிசைகட்டி நிறுத்தாமல் பிற செடிகளோடு கலந்து வளர்த்துக் காட்டியவர்களில் தோட்ட வடிவமைப்பாளர் கெர்ட்ரூட் ஜீக்கில் முக்கியமானவர். எட்வர்ட் மாலியுடன் சேர்ந்து 1902இல் ரோஜாவுக்கென்றே ஒரு நூலும் எழுதினார். லாவெண்டரின் நீலச் சாயலுக்கும் அங்கே மதிப்பு உண்டு, ஏனென்றால் ரோஜாவில் நீலமே கிடையாது. நீல நிறமியை உண்டாக்கும் நொதி அந்தச் செடியிடம் இல்லை. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் மரபணு மாற்றி 2009இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘நீல’ ரோஜாவும், நேரில் பார்த்தால் வெளிர் ஊதாதான்.

அதற்காக லாவெண்டரை நம் சமவெளிக்குக் கொண்டுவருவது காசுக்குக் கேடு. வறண்ட, சத்துக் குறைந்த மத்தியத் தரைக்கடல் மண்ணுக்குப் பழகிய செடி அது. ரோஜா எருவும் நீரும் தாராளமாகக் கேட்கும். ரோஜாவுக்கு ஊற்றும் தண்ணீரிலும் கடலோரப் புழுக்கத்திலும் லாவெண்டரின் வேர் அழுகிவிடும். நீலமும் ஊதாவும் வேண்டுமென்றால் டிசம்பர் பூ இருக்கிறது, நீல சால்வியா இருக்கிறது. கனகாம்பரம் மட்டும் வேண்டாம். அதன் வேர் நூற்புழுக்களுக்கு மிகவும் பிடித்த இடம்.

அழகு இருக்கட்டும். துணைச்செடியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது பூச்சிகளைத்தான். கவாத்து செய்த ரோஜாவில் சிவந்த இளந்தளிர் வந்ததும் அசுவினி வந்து அப்பிக்கொள்ளும். அதைத் தின்பவை பொறிவண்டும் மிதவை ஈயின் புழுவும். மிதவை ஈ பார்ப்பதற்குச் சின்னத் தேனீபோல மஞ்சளும் கறுப்புமாக இருக்கும். அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்று பறக்கும், கொட்டாது. வளர்ந்த ஈ அசுவினியைத் தொடுவதே இல்லை. அதற்குத் தேனும் மகரந்தமும் போதும். மகரந்தம் கிடைத்தால்தான் பெண் ஈக்கு முட்டை முதிரும். பிறகு அசுவினிக் கூட்டத்தைத் தேடிப்போய் அதன் நடுவில் முட்டையிடும். அதிலிருந்து வரும் கால் இல்லாத புழு, கூட்டுப்புழுவாகும் முன் நூற்றுக்கணக்கான அசுவினிகளை உறிஞ்சித் தீர்க்கும்.

சிக்கல் எங்கே என்றால், இந்த ஈயின் வாய் குட்டையானது. இதழ் அடுக்கடுக்காக மூடிய கலப்பின ரோஜாவில் அதற்குச் சாப்பிட ஒன்றும் எட்டாது. தேன் மேலாக இருக்கிற, திறந்த சின்னப் பூக்கள் வேண்டும். கொத்தமல்லி, சோம்பு, சதகுப்பை ஆகியவற்றின் குடைபோன்ற பூங்கொத்துகள் இதற்குக் கச்சிதம். குளிர்ந்த ஊர்களில் அலிசம் என்ற செடி இதே வேலையைச் செய்கிறது. நம் ஊருக்கு என்னைக் கேட்டால் கொத்தமல்லிக்குத்தான் முதலிடம். வேர் ஆழம் போகாது, நிழல் கட்டாது, விதை அஞ்சறைப்பெட்டியிலேயே கிடக்கிறது.

யாரை அருகில் வைக்கக்கூடாது என்பதும் இதே அளவு முக்கியம். மாடித் தோட்டங்களில் ரோஜாத் தொட்டிக்குப் பக்கத்தில் பெரும்பாலும் மிளகாய்த் தொட்டி நிற்கும். மிளகாய் இலையைச் சுருட்டும் அதே இலைப்பேன்தான் ரோஜா மொட்டின் ஓரத்தையும் கருக்குகிறது. உயிரியலாளர்கள் அதற்கு ஸ்கிர்ட்டோத்ரிப்ஸ் டார்சாலிஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு செடியும் அருகருகே இருந்தால் ஒன்றில் மருந்தடிக்கும்போது அது மற்றதில் தங்கிக்கொள்ளும். கத்தரியும் அவரையும் கோடையில் செஞ்சிலந்தியைச் சேர்த்துவைக்கும்.

செண்டுமல்லியை நட்டால் நூற்புழு ஒழியும் என்ற நம்பிக்கை பாதி சரி. அதன் வேரில் ஆல்ஃபா டெர்தைனைல் என்ற பொருள் இருக்கிறது. அது நூற்புழுவைக் கொல்லக்கூடியது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1950களிலேயே இதைக் கண்டார்கள். ஆனால் ரோஜாவுக்குப் பக்கத்தில் ஒரு செடியை நட்டால் அந்தப் பலன் வந்துவிடாது. நெருக்கமாக நட்டு, இரண்டு மூன்று மாதம் நிலம் முழுவதும் அதன் வேர் பரவ வேண்டும். ஆகவே ரோஜா நடுவதற்கு முன்பு அந்தப் பாத்தியில் செண்டுமல்லிப் போகம் ஒன்று எடுப்பதே சரியான முறை. இன்னொன்று: கோடையில் செஞ்சிலந்தி விரும்பி ஏறும் செடிகளில் செண்டுமல்லியும் ஒன்று. ஏப்ரல், மே மாதங்களில் அதைத் தள்ளி வைப்பது நல்லது.

பூண்டு நட்டால் ரோஜாவுக்குப் பூச்சி வராது என்பதும் உலகம் முழுக்கச் சொல்லப்படுகிறது. அமெரிக்காவில் ‘ரோஜாவுக்குப் பூண்டைப் பிடிக்கும்’ என்ற பொருளில் தலைப்பு வைத்து ஒரு நூலே வந்தது. வாசனை பூச்சியைக் குழப்பும் என்கிறார்கள், ஆனால் நம்பும்படியான சான்று குறைவு. நட்டால் கெடுதல் இல்லை; தாளைச் சட்னிக்கு அறுக்கலாம்.

எந்தச் செடியாக இருந்தாலும் இடைவெளி அவசியம். ரோஜாவின் பெரிய எதிரி கரும்புள்ளி நோய். அந்தப் பூஞ்சையின் வித்து முளைத்து இலைக்குள் இறங்க, இலை ஏறத்தாழ ஏழு மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். அடர்ந்த துணைச்செடி காற்றை அடைத்தால் ஐப்பசி மழையில் அந்த ஏழு மணி நேரம் எளிதாகக் கிடைத்துவிடும். ரோஜாவின் தண்டைச் சுற்றி ஓர் அடியாவது வெறும் மண்ணாக விடுங்கள். டிசம்பர் பூ போன்ற உயரமான செடிகள் இரண்டடி தள்ளி நிற்கட்டும். தொட்டியில் வளர்ப்பவர்கள் துணைச்செடியை அதே தொட்டியில் திணிக்க வேண்டாம். தனித் தொட்டியில் வைத்து அருகில் நிறுத்தினால் போதும், ஈ பறந்து வந்துவிடும்.

காலமும் கணக்கில் வர வேண்டும். சமவெளியில் ரோஜாவை அக்டோபர், நவம்பரில் கவாத்து செய்கிறோம். இரண்டு மூன்று வாரத்தில் தளிர் வரும், பின்னாலேயே அசுவினியும். கொத்தமல்லி பூக்க ஒன்றரை மாதம் போல ஆகும். எனவே கவாத்துக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே தனியாவை இரண்டாக உடைத்து விதைத்துவிடுங்கள். அடைமழை என்றால் கொத்தமல்லித் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம். பூத்திருக்கும் நாட்களில் ரசாயன மருந்து அடித்தால் அசுவினியோடு ஈயும் சாகும். தளிரில் நாலு அசுவினி தெரிந்தால் பதறாமல் ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். கொத்தமல்லித் தழையை ரசத்துக்குக் கிள்ளுங்கள், ஆனால் ஒரு பிடிச் செடியையாவது பூக்க விடுங்கள்.