தொட்டியில் ஒரு திருவிழா

கண்ணாற் கண்டதைக் கையால் தொட்டாலன்றிக் குழந்தை நம்புவதில்லை. எப்பொருளையும் அது தடவியும், பிசைந்தும், அள்ளியும், கொட்டியுமே அறிந்துகொள்கிறது. இவ்வியல்பை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழிற் ‘சிற்றில்’ என ஒரு பருவமே அமைந்திருத்தல் காண்க. தாம் மணலாற் கட்டிய சிறு வீட்டைச் சிதையாதிருக்கச் சிறுமியர் வேண்டுவது அதன் பொருளாகும்.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டில் உரோமாபுரியிற் ‘குழந்தைகள் இல்லம்’ நிறுவினார். 1939இற் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். கண்ணை மூடிக்கொண்டு கைத்தடவலாற் பொருளை அறிதல் அவர் வகுத்த பயிற்சிகளுள் ஒன்று. இக்காலத்துத் தொட்டி விளையாட்டும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

இதற்கு வேண்டுவன மிகச் சில. அகன்ற தொட்டியொன்றில் நெல்லையோ, கழுவி உலர்த்திய மணலையோ பாதியளவு நிரப்புக. அதனுட் சில பொருள்களை மறைத்து, அகப்பையும் கொட்டாங்கச்சியும் கொடுத்துவிடுக. பொங்கலாயின் மஞ்சட்கிழங்கு, கரும்புத் துண்டு, சிறு மண்சட்டி, மரத்தாற் செய்த மாடு ஆகியவை போதும். இரமலானுக்கு மணலிற் புதைத்த பிறையும், கிறிஸ்துமஸுக்கு வைக்கோலில் ஒளிந்த ஆட்டுக்குட்டியும் நட்சத்திரமும் அமையும். தேடி எடுக்குங் குழந்தை சொரசொரப்பையும் வழுவழுப்பையும், கனத்தையும் இலேசையும் உணர்கிறது. அப்பொருள்களின் பெயர்களைத் தானே கேட்டறிகிறது. அண்டை வீட்டாரின் பண்டிகையும் அதற்கு அறிமுகமாகிறது. தானியம் வீணாகுமென்று அஞ்ச வேண்டா. விளையாடி முடிந்தபின் நெல்லைக் கோழிகட்கு இடலாம்.

ஆயினும் எச்சரிக்கை மிக வேண்டும். மூன்று வயதிற்குட்பட்ட குழந்தை யாவற்றையும் வாயிலிடும். புளியங்கொட்டை, மணி முதலிய சிறு பொருள்கள் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஆதலின் அவற்றை விலக்குக. களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாகப் பதிக்குங் குன்றிமணி கொடிய நஞ்சுடையது. அதனை மென்று விழுங்கின் உயிருக்கே கேடு விளையும். எவ்வயதுக் குழந்தைக்கும் அஃது ஆகாது.

தோல் பதனிடுந் தொழிலாற் பெயர்பெற்ற நம் பேரணாம்பட்டில் இன்னுமொன்றையும் எண்ணல் வேண்டும். தோற்சாலைக் கழிவால் பாலாற்றுப் படுகைக்கு நேர்ந்த தீங்கினை 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆந் தேதி உச்சநீதிமன்றமே எடுத்துரைத்தது. ஆகவே, கழிவுநீர் பாய்ந்த இடத்து மணலைக் குழந்தைக்குக் கொணர்தல் தகாது. தோற்சாலையிற் காசின்றிக் கிடைக்குந் தோற்சீவல் மெத்தென்றிருப்பினும், குரோமிய உப்பாற் பதனிட்ட அதன் தூள் குழந்தைக்கு உரியதன்று.

நல்ல மணலும், சிறிது நெல்லும், அருகிலமர்ந்து பார்த்திருக்கும் பெரியவர் ஒருவரும் இருப்பின் இவ்விளையாட்டிற்குப் பொருட்செலவில்லை. விடுமுறைக்கு வீடு செல்லும் நம் மாணவர், தம்பி தங்கையர்க்கு இத்தொட்டியொன்றை அமைத்துக் கொடுப்பாராக. கற்பிக்குந் தொழிலை மேற்கொள்ள விழைவார்க்கு அதுவே முதற்பாடமுமாகும்.