பழைய காருக்குப் புதிய குளிர்வாயு

நாம் பேணிவரும் பழைய காரில் ஏ.சி. குளிரவில்லை என்றால், ‘கேஸ் போட்டால் போதும்’ என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. 1990களின் தொடக்கம் வரை வெளிவந்த கார்களுக்கு அது பொருந்தாது. அவற்றில் நிரப்பப்பட்டது ஆர்-12 என்னும் வாயு. அது ஓசோன் படலத்தைச் சிதைப்பதால், 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை அதனைக் கட்டுப்படுத்தியது. மருந்துத் தேவை நீங்கலாக, 2008 ஆகஸ்டில் இந்தியா அதன் உற்பத்தியை நிறுத்தியது.

மாற்றாக வந்தது ஆர்-134ஏ. பழைய கம்ப்ரஸரில் உள்ள கனிம எண்ணெய் இதனுடன் கலவாது. எண்ணெய் சுற்றிவராத கம்ப்ரஸர் விரைவில் தேய்ந்துபோகும். ஆகவே பழைய வாயுவைக் காற்றில் விடாமல் சேகரித்து, எஸ்டர் எண்ணெய் இட்டு, ஈரம் உறிஞ்சும் டிரையரையும் ஓ-ரிங்குகளையும் மாற்றி, குழாய்களை வெற்றிடமாக்கிய பின்னரே புதிய வாயுவை நிரப்புதல் வேண்டும். பழைய அளவில் ஏறத்தாழ 80 முதல் 90 விழுக்காடு போதும். மிகுந்தால் அழுத்தம் கூடும். மலிவு விலையில் கிடைக்கும் புரோப்பேன், பியூட்டேன் கலவைகள் தீப்பற்றக்கூடியவை; அவற்றைத் தவிர்ப்போம்.

எண்ணெய், டிரையர், ஓ-ரிங் ஆகியவை மதிப்பீட்டுச் சீட்டில் தனித்தனியே உள்ளனவா என்று பார்த்த பின்னரே பணம் செலுத்துவோம். கேஸுக்கு மட்டும் செலவிட்டு மிச்சம் பிடித்தால், பின்னர் கம்ப்ரஸருக்கே செலவிட நேரும். வேலை முடிந்ததும், புதிய வாயுவின் பெயரும் அளவும் எழுதிய சீட்டை பானெட்டின் உட்புறம் ஒட்டச் சொல்வோம். அடுத்த மெக்கானிக் தவறான வாயுவைக் கலந்துவிடாமல் அது காக்கும்.