பங்குனி உத்திரமும் பள்ளிக்கூட மணியும்

பங்குனி பிறந்துவிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தில் பல இல்லங்களில் ஒரே பேச்சுதான். உத்திர நன்னாளில் ஊருக்குச் சென்று குலதெய்வமான சாஸ்தாவுக்குப் பொங்கலிட்டு வரவேண்டும் என்கிறார் தாத்தா. பேரனுக்குத் தேர்வு நெருங்குகிறதே, இந்த ஆண்டு நீங்கள் மட்டும் போய் வாருங்களேன் என்கிறார் மருமகள். இடையில் அகப்பட்ட மகனோ பஞ்சாங்கத்தை ஒருமுறையும் பள்ளி நாட்காட்டியை ஒருமுறையும் புரட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அலுவலகத்துக்குக் கிளம்பிவிடுகிறார்.

இந்தப் பேச்சு இவ்வட்டாரத்தில் மிகுதியாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்தது. வேலை தேடித் தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் இங்கேயே மனை வாங்கி வீடு கட்டினார்கள். பிள்ளைகள் இங்கே பிறந்தார்கள். பேரப்பிள்ளைகளுக்கு இதுவே சொந்த ஊர். ஆனால், குலதெய்வம் மட்டும் குடிபெயரவில்லை. தாமிரபரணிக் கரையிலோ, குளத்தங்கரை ஒன்றில் ஆலமரத்தடியிலோ அந்த சாஸ்தா இன்றும் அதே இடத்தில்தான் எழுந்தருளியிருக்கிறார். நெல்லைச் சீமையில் பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலில் குடும்பம் குடும்பமாகக் கூடுவது தலைமுறை வழக்கம். எங்கெங்கோ சிதறிய பங்காளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதும் அந்த ஒரு நாளில்தான்.

சென்னையிலிருந்து நெல்லைக்கு இரயிலில் சுமார் 650 கிலோமீட்டர். இரவு ஏறினால் காலையில் இறங்கலாம். மறுபடி இரவு ஏறித் திரும்பலாம். அங்கிருந்து கோயிலுக்குப் போகும் வழி, களைப்பு எல்லாம் சேர்த்தால் ஒரு நாள் திருவிழா மூன்று நாட்களை எடுத்துக்கொள்கிறது. 2024-இல் உத்திரம் மார்ச் 25, திங்கட்கிழமை. 2025-இல் ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை. இரண்டும் வார விடுமுறையை ஒட்டி வந்ததால் பல வீடுகளில் தர்க்கம் எழவில்லை. 2026-இல் ஏப்ரல் 1, புதன்கிழமை. வாரத்தின் நட்டநடுவில் வந்து நிற்கும் இத்தகைய ஆண்டுகளில்தான் சோதனை.

திருவிழாவுக்காகப் பள்ளியை மூடுவது நம் நாட்டில் புதிதன்று. மண்டைக்காடு பகவதி அம்மன் கொடைவிழாவுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்திலும், ஸ்ரீரங்கம் வைகுண்ட ஏகாதசிக்குத் திருச்சி மாவட்டத்திலும் ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பதை அன்பர்கள் அறிவார்கள். அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலைநாளாக்கப்படும். படிப்பும் குறையாது, தேரும் நிற்காது, நல்ல ஏற்பாடு. ஆனால், அந்த விடுமுறை அந்தந்த மாவட்டத்துப் பள்ளிகளுக்குத்தான். நாகர்கோவிலில் படிக்கும் சிறுவன் கொடைவிழாவுக்குப் போக யாரிடமும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. அவனுடைய சித்தப்பா மகன் அம்பத்தூரில் படித்தால் அவனுக்கு விடுப்புக் கடிதம் தேவைப்படுகிறது. தைப்பூசத்துக்கு 2021 முதல் தமிழக அரசு பொது விடுமுறை அளித்து வருகிறது. சிங்கப்பூரிலோ 1968-இல் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து தைப்பூசம் நீக்கப்பட்டது. அங்குள்ள நம்மவர்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு இன்றும் காவடி சுமக்கிறார்கள்.

பள்ளியின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலைநாட்களும், ஆறு முதல் எட்டு வரை 220 நாட்களும் பள்ளி நடைபெற வேண்டும் என்கிறது. மத்திய பாடத்திட்டத்தில் பொதுத்தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். இந்தக் கணக்கில் மூன்று நாள் என்பது பெரிய இழப்பாகத் தோன்றாது. இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. வகுத்தல் கணக்கைத் தொடங்கிய அன்று வராத பிள்ளை, மறுநாள் வந்தாலும் பலகையில் எழுதியது புரியாமல் விழிக்கிறது. அதைத் திரும்பச் சொல்லித்தர ஆசிரியருக்கு நேரமில்லை. வீட்டில் தாய்க்கும் அலுவல். மருமகளின் தயக்கத்தைப் பக்திக் குறைவு என்று எண்ணும் பெரியவர்கள் இதையும் எண்ணிப் பார்த்தால் நன்று. மூன்றாம் வகுப்புப் பேத்தியை அழைத்துச் செல்வதும், பத்தாம் வகுப்புப் பேரனைப் பொதுத்தேர்வுக் காலத்தில் அழைத்துச் செல்வதும் ஒன்றல்ல. 'நீ இருந்து படி, உனக்கும் சேர்த்து நான் கும்பிட்டு வருகிறேன்' என்ற சொல் தாத்தாவின் வாயிலிருந்தே முதலில் வருமானால் அந்த வீட்டில் பாதி மனக்கசப்பு தீர்ந்துவிடும்.

இங்கிலாந்தில் இது நீதிமன்றம் வரை சென்ற விவகாரம். பள்ளி நடக்கும் காலத்தில் மகளை அமெரிக்காவுக்கு உல்லாசப் பயணம் அழைத்துச் சென்ற ஒரு தந்தை, தமக்கு விதிக்கப்பட்ட அபராதத்தைக் கட்ட மறுத்தார். 2017 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பள்ளி வகுத்த விதிப்படி வருவதே ஒழுங்கான வருகை என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆனால் அதே நாட்டின் கல்விச் சட்டம், பெற்றோரின் சமயம் வழிபாட்டுக்கென ஒதுக்கிய நாளில் பிள்ளை வராவிட்டால் அதைக் குற்றமாகக் கொள்வதில்லை. உல்லாசம் வேறு, வழிபாடு வேறு என்று சட்டமே பிரித்து வைத்திருக்கிறது.

அந்தப் பிரிவை நம் வீடுகளில் அத்தனை கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறோமா என்பது ஐயமே. குலதெய்வத்துக்கு ஒரு நாள் என்று புறப்படுகிற பயணம், 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்று கன்னியாகுமரிக்கு ஒரு நாள், உறவினர் வீட்டுக்கு ஒரு நாள் என நீண்டுவிடுகிறது. சாஸ்தா கேட்டது ஒரு நாள்தான். மற்றவற்றை அவர் கணக்கில் எழுதுவது நியாயமாகாது.

இதைவிட வருந்தத்தக்கது விடுப்புக் கடிதம். 'காய்ச்சல் காரணமாக' என்று எழுதிப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தனுப்புகிறார்கள். நெற்றியில் கோயில் திருநீறும் கையில் காப்புக் கயிறுமாக வகுப்பில் நிற்கும் குழந்தையிடம் 'இப்போது உடம்பு எப்படி இருக்கிறது?' என்று ஆசிரியை கேட்டால், அது என்ன சொல்லும்? சாமி கும்பிடுவதற்குப் பொய் சொல்லலாம் என்பதையும் அந்தப் பயணத்தில் அது கற்றுக்கொண்டு வருகிறது. 'குலதெய்வ வழிபாட்டுக்குச் செல்கிறோம், மூன்று நாள் விடுப்பு வேண்டும், விடுபட்ட பாடங்களை எழுதி முடித்துவிடுவான்' என்று உள்ளது உள்ளபடி எழுதலாமே. மறுக்கும் பள்ளி இருக்கலாம். முன்கூட்டியே கேட்டால் இணங்கும் ஆசிரியர்களும் உண்டு.

ஆவடியை அடுத்த திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் நாயனாரின் வரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. பொருளில்லாத அவர் மனத்துக்குள்ளேயே கல்லும் மரமும் சேர்த்து, சிறுகச் சிறுகக் கோயில் எழுப்பிக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். காஞ்சியில் கற்றளி எடுப்பித்த பல்லவ மன்னனும் அதே நாளைத்தான் குறித்திருந்தான். இறைவன் மன்னனின் கனவில் தோன்றி, நின்றவூர் அன்பனின் கோயிலுக்கு நாம் செல்கிறோம், நீ வேறு நாள் பார்த்துக்கொள் என்றருளியதாகப் பெரியபுராணம் உரைக்கிறது. அரசன் குறித்த நாளையே தள்ளிவைத்தவர் அவர். உத்திரத்தன்று வர இயலாத குடும்பம் சித்திரை பிறந்து தேர்வுகள் முடிந்தபின் ஒரு வெள்ளிக்கிழமையில் சென்று பொங்கலிட்டால் சாஸ்தா கதவடைத்துக்கொள்ளமாட்டார். கூட்டமும் இராது, கோயிலைச் சுற்றி ஓடியாடிப் பார்க்கக் குழந்தைக்கு இடமும் கிடைக்கும். பங்காளிகளைப் பார்க்க இயலாமற்போவது மட்டும் குறைதான். எழுபதைக் கடந்தவர்களுக்கு அது சிறிய குறையும் அன்று.

தவிர, விடுப்பே வேண்டாத விழாக்கள் இந்த வட்டாரத்திலேயே நிறைந்திருக்கின்றன. தை மகத்தில் திருமழிசையில் ஆழ்வாரின் அவதாரத் திருநாள். மாசி மிருகசீரிடத்தில் பூவிருந்தவல்லியில் திருக்கச்சி நம்பிகளின் திருநட்சத்திரம். ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புடன் திகழும் திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரரைக் காப்பு நீங்கிய திருமேனியராகத் தரிசிக்கக் கிடைப்பது சித்திரைச் சதயத்தை ஒட்டித்தான். முல்லைக்கொடியை வெட்டிய தொண்டைமானின் வாள் பட்ட கதையை அந்தச் சந்நிதியில் நின்று தாத்தா சொல்லக் கேட்ட குழந்தை அதை எளிதில் மறக்காது.

பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் கூடிவரும் நாளில் மூன்று அம்மன்களைத் தரிசிக்கும் வழக்கமும் உண்டு. காலையில் மேலூர் திருவுடை அம்மன், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடை அம்மன், மாலையில் திருமுல்லைவாயில் கொடியிடை அம்மன். வெள்ளிக்கிழமை பள்ளி நாள்தான். தாத்தாவும் பாட்டியும் முதல் இரண்டு தலங்களையும் முடித்துக்கொண்டு திரும்பும் வேளையில் அம்பத்தூர்ப் பள்ளிகளில் கடைசி மணி அடித்திருக்கும். சீருடையை மாற்றிக்கொண்டு வரும் பேத்தி, விளக்கேற்றும் நேரத்துக்குள் கொடியிடை அம்மன் சந்நிதியில் அவர்களுடன் வந்து நின்றுவிடலாம்.